காட்டுக்கு வருகிறவர்களுக்கு ஊரோடு சேர்ந்து வசதி செய்வது எப்படி? ஏற்காட்டை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் ஒரு காட்சிமுனைக்குப் பக்கத்தில் நான்கு அறை கொண்ட கழிப்பறை ஒன்று கட்டினார்கள். எந்த இடம், யார் கட்டினார்கள் என்று சொல்லப் போவதில்லை. திறப்பு விழாவில் நானும் கைதட்டியவன்தான். சுவர் முழுக்க டைல்ஸ், வாசலில் கல்வெட்டு, ரிப்பன், எல்லாம் இருந்தது. அடுத்த கோடையில் போய்ப் பார்த்தால் கதவில் பூட்டு தொங்குகிறது, ஆட்கள் தண்ணீர் பாட்டிலோடு பின்னால் இருக்கும் புதருக்குள் போய் வருகிறார்கள். எதிரில் பலாச்சுளை விற்கும் அக்காவிடம் கேட்டேன். "தண்ணி ஏறல தம்பி. ஏறுனாலும் யாரு கழுவுறது? சாவியும் எங்ககிட்ட இல்ல" என்றார்.

நான் எழுதப் போவதெல்லாம் அந்த அக்கா சொன்னதன் விரிவுரைதான். தண்ணீர், கழுவுகிற ஆள், சாவி. இந்த மூன்றுக்கும் பதில் கிடைக்காமல் காட்டில் ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள்.

ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். ஏற்காடு தேசியப் பூங்கா இல்லை. தமிழ்நாட்டில் தேசியப் பூங்கா ஐந்துதான்: கிண்டி, முதுமலை, முக்குருத்தி, ஆனைமலையில் இருக்கும் இந்திரா காந்தி, மன்னார் வளைகுடா. நம் மலையில் இருப்பது காப்புக்காடு, நடுநடுவே காபி எஸ்டேட், ஊராட்சி நிலம், கோயில் நிலம், கூடவே மலையாளி என்ற பழங்குடி மக்களின் ஊர்கள். ஆனால் பிரச்சினை ஒன்றேதான். காட்டைப் பார்க்கக் கூட்டம் வருகிறது, அந்தக் கூட்டத்துக்கு ஒதுங்க இடமில்லை, போட்ட குப்பையை எடுக்க ஆளில்லை, வருமானம் ஓரிடத்துக்கும் தொல்லை வேறிடத்துக்கும் போகிறது. அதனால் இங்கே சொல்லும் முறை முதுமலைக்கும் பொருந்தும். சட்டம்தான் அங்கே இன்னும் இறுக்கம், அதையும் அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

படி 1: நிலம் யாருடையது என்று பாருங்கள்

சலிப்பான வேலைதான். ஆனாலும் இதைத் தாண்டிப் போனவர்கள் எல்லோரும் பிறகு திரும்பி வந்து இதையே செய்திருக்கிறார்கள். ஏற்காட்டில் ஒரே பார்வையில் தெரியும் இடங்களுக்கே தனித்தனி உரிமையாளர்கள் உண்டு. படகுத்துறை தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துடையது, அண்ணா பூங்கா தோட்டக்கலைத் துறையுடையது, ஆர்க்கிட் பூங்கா மத்திய அரசின் தாவரவியல் ஆய்வு நிறுவனத்துடையது. சாலையோரம் நெடுஞ்சாலைத் துறைக்கு, அதைத் தாண்டினால் வனத்துறைக்கோ தனியார் பட்டாவுக்கோ போய்விடும். கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண் வாங்கி, புலப்படத்தோடு இடத்தில் நின்று பார்த்துவிடுங்கள். "இது நம்ம ஊரு நிலம்தாங்க" என்று யாராவது சொன்னால் நம்பலாம், ஆனால் காகிதத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

காப்புக்காடு என்றால் 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம் வரும். 2023இல் அது திருத்தப்பட்டபோது, வனத்துறையின் வேலைத்திட்டத்திலோ வனவிலங்கு மேலாண்மைத் திட்டத்திலோ இடம்பெற்ற சூழல் சுற்றுலா வசதிகளுக்குத் தனி வழி வைத்தார்கள். வேலைத்திட்டம் பொதுவாகப் பத்தாண்டுக்கு ஒருமுறை எழுதப்படுவது. அதனால் உங்கள் யோசனை அந்தத் திட்டத்துக்குள் நுழைய வழியுண்டா என்பதுதான் வனச்சரகரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்திலும் ஒரு வழி உண்டு. கிராம சபை பரிந்துரைத்தால், ஒவ்வொன்றும் ஒரு எக்டேருக்கு மிகாமல், எக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல், பள்ளி, அங்கன்வாடி, குடிநீர்க் குழாய், சாலை, சமுதாயக் கூடம் என 13 வகை வசதிகளுக்கு வனநிலம் விடலாம். பலர் இதைப் பிடித்துக்கொண்டு சுற்றுலாக் கழிப்பறைக்கு மனு எழுதுகிறார்கள். அந்தப் பட்டியல் காட்டில் வாழும் மக்களுக்கானது, சுற்றுலா வசதி அதில் கிடையாது. ஊருக்குக் குடிநீர்க் குழாய் வந்து, அந்த ஊர்க்காரர்கள் அதிலிருந்து ஒரு கிளை கொடுக்கச் சம்மதித்தால் அது வேறு கதை.

பட்டா நிலமாக இருந்தாலும் ஏற்காடு மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணைய எல்லைக்குள் வருகிறது என்பதை மறக்க வேண்டாம். சரிவை வெட்டிக் கட்டிடம் எழுப்புவதென்றால் அந்த அனுமதியும் வேண்டும். தேசியப் பூங்கா, சரணாலயம் என்றால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். உள்ளே வணிக விடுதி கட்டுவதானால் தேசிய வனவிலங்கு வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். புலிகள் காப்பகங்களுக்கு 2012இல் வந்த நெறிமுறையோ மையப் பகுதியில் 20 விழுக்காட்டுக்கு மேல் சுற்றுலாவுக்குத் திறக்கக் கூடாது என்கிறது.

என்னைக் கேட்டால், கட்டிடம் வேண்டிய எதையும் காட்டுக்குள் வைக்காதீர்கள். வாகன நிறுத்தம், கழிப்பறை, டீக்கடை எல்லாம் எல்லைக்கு வெளியே, சாலை வரும் இடத்தில் இருக்கட்டும். உள்ளே பாதையும் பலகையும் போதும். அனுமதி வேலையில் முக்கால்வாசி அதோடு குறைந்துவிடும்.

படி 2: தலையை எண்ணுங்கள்

"கூட்டம் ஜாஸ்தி" என்பது கணக்கு ஆகாது. நான்கு விதமான நாளில் எண்ண வேண்டும்: சாதாரண வாரநாள், ஞாயிறு, மே மாதக் கோடை விழா நாள், மழை நாள். காலை எட்டு முதல் மாலை ஆறு வரை அரைமணிக்கு ஒருமுறை நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தால் போதும். கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் ஒரு குடையோடு உட்கார்ந்தால் வேலை முடிந்தது. வண்டி எத்தனை, அதில் பெண்கள் எத்தனை பேர், குழந்தைகள், வயதானவர்கள், எவ்வளவு நேரம் தங்குகிறார்கள், எந்த மரத்துக்குப் பின்னால் ஒதுங்குகிறார்கள் என்பதையும் குறியுங்கள். கடைசியாகச் சொன்னதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள், கழிப்பறை எங்கே வேண்டும் என்பதை அதுதான் சொல்லும்.

மொத்த எண்ணிக்கையைவிட உச்சநேர எண்ணிக்கை முக்கியம். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிற வண்டிகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் மேலே வந்து சேரும். ஒன்றரை மணி நேரம் அடக்கிக்கொண்டு வந்த பேருந்துக் கூட்டம் இறங்கியதும் எங்கே ஓடும்? அந்த முதல் இருபது நிமிடம்தான் உங்கள் கழிப்பறைக்குப் பரீட்சை. பெண்களுக்கு நேரம் கூடுதலாகும், குழந்தையையும் அவர்கள்தான் கூட்டிப் போகிறார்கள். அதனால் ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று என்று சமமாகக் கட்டினால் பெண்கள் பக்கம் வரிசை நிற்கும், ஆண்கள் பக்கம் காலியாகக் கிடக்கும். ஆண்களுக்கு இரண்டு என்றால் பெண்களுக்குக் குறைந்தது மூன்று வையுங்கள்.

படி 3: வரைபடம் போடும் முன் ஊரோடு உட்காருங்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது.

ஊர்க் கூட்டு என்று சொல்லிக்கொண்டு பெரும்பாலும் நடப்பது என்ன தெரியுமா? சேலத்திலோ சென்னையிலோ திட்டம் முடிவாகிறது, கடைசியில் ஊர்க்காரர் நான்கு பேரை உட்காரவைத்து டீ கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறார்கள். அதன் பிறகு அந்த வசதி யாருடையது? கட்டினவருடையது. உடைந்தால் யார் கவலைப்பட வேண்டும்? கட்டினவர்தான். அவர் எங்கே? போய்விட்டார்.

வேறு மாதிரி நடந்த இடங்களும் இருக்கின்றன. காரமடை பக்கம் பரளிக்காட்டில் வனத்துறையும் பழங்குடி மக்களும் சேர்ந்து நடத்தும் சூழல் சுற்றுலாவைப் போய்ப் பாருங்கள். முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும் இடம், பில்லூர் அணையின் நீர்ப்பரப்பில் பரிசல், ஊர்ப் பெண்கள் சமைத்த மதியச் சாப்பாடு, கொஞ்ச தூரம் காட்டு நடை. அவ்வளவுதான். இருந்தும் இடம் சுத்தமாக இருப்பதற்குக் காரணம், அது கெட்டால் சமைக்கிறவருக்கும் பரிசல் ஓட்டுகிறவருக்கும் அடுத்த வாரக் கூலி கெடும். ஆனைமலை வழியாகப் போகிற பரம்பிக்குளத்தில் உள்ளூர் மக்களின் சூழல் மேம்பாட்டுக் குழுக்கள்தான் வழிகாட்டி வேலையைப் பார்க்கின்றன. தேக்கடியில் நடந்தது இன்னும் சுவாரசியம். காட்டுக்குள் புகுந்து, இலவங்கப்பட்டை வகையைச் சேர்ந்த வயணா மரப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்துக்கொண்டிருந்தவர்களையே 1990களின் பிற்பகுதியில் ஒரு குழுவாக்கி, நடைப்பயண வழிகாட்டிகளாகவும் காவலாகவும் மாற்றினார்கள். யாருக்கு எந்தப் பாதை தெரியும் என்பது அவர்களைவிட யாருக்குத் தெரியும்!

ஏற்காட்டில் யார் யாரைக் கூப்பிடுவது? ஊராட்சித் தலைவர், வனவர், கிராம வனக் குழு இருந்தால் அதன் ஆட்கள், மகளிர் சுயஉதவிக் குழுக்கள், மலைவாழ் மக்களின் கூட்டுறவு சங்கம், அதாவது நம் ஆட்கள் லேம்ப் சொசைட்டி என்று சொல்வது, பக்கத்து எஸ்டேட் நிர்வாகி, டாக்ஸி ஸ்டாண்டுக்காரர்கள், சாலையோரக் கடைக்காரர்கள். இதில் கடைசி இரண்டு பேரைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் தினமும் அந்த இடத்தில் பத்து மணி நேரம் நிற்பவர்கள் அவர்கள்தான். கூட்டத்தை மண்டபத்தில் வைக்காமல் சம்பந்தப்பட்ட இடத்திலேயே, கடை சாத்தின பிறகு மாலையில் வையுங்கள். காபி பறிப்பு நடக்கும் மாதங்களில் பெண்கள் வர மாட்டார்கள், கூலி போய்விடும். அதையும் பார்த்துத் தேதி வையுங்கள்.

பேசும்போது "உங்களுக்கு என்ன வேண்டும்" என்று கேட்டால் சாலை வேண்டும், பஸ் வேண்டும் என்பார்கள், அதில் தப்பில்லை. அதோடு வேறொன்றும் கேளுங்கள்: வருகிற கூட்டத்தால் உங்களுக்கு என்ன தொந்தரவு? ஓடைக்குள் பாட்டில் உடைத்துப் போடுகிறார்கள், மேய்கிற மாடு பிளாஸ்டிக் தின்கிறது, பெண்கள் குளிக்கிற இடத்தில் வந்து போட்டோ எடுக்கிறார்கள், திருவிழாவுக்குச் சேர்வராயன் கோயிலுக்குப் போகிற வழியில் காரை நிறுத்திவிடுகிறார்கள் என்று கொட்டித் தீர்ப்பார்கள். அந்தக் கோயில் குகை பழங்குடி மக்களுக்குக் குலசாமி இருக்கும் இடம், பயணிகளுக்குக் காட்சிமுனை. எந்த இடத்தில் பயணியே வரக் கூடாது என்பதையும் ஊர்தான் சொல்ல வேண்டும். அந்த இடங்கள் வரைபடத்திலும் வரக் கூடாது, பலகையிலும் வரக் கூடாது.

பேசி முடிந்ததைக் கிராம சபையில் தீர்மானமாக்குங்கள். இப்போது தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மான நகல் கையில் இல்லாமல் அடுத்த அலுவலகத்தின் படி ஏறாதீர்கள்.

படி 4: தண்ணீர்

மலை என்றால் தண்ணீர் இருக்கும் என்று கீழே இருக்கிறவர்கள் நினைக்கிறார்கள். ஏற்காட்டில் கூட்டம் உச்சத்தில் இருக்கும் ஏப்ரல், மே மாதங்களில்தான் ஊற்றுகள் ஒடுங்கிக் கிடக்கும், ஊர்க்காரர்களே குடத்தோடு நிற்பார்கள். அந்த நேரத்தில் பயணிகள் கழிப்பறைக்கு ஊர்க் குழாயிலிருந்து தண்ணீர் எடுத்தால் கூட்டு அன்றே முறிந்துவிடும்.

கணக்கு கடினமில்லை. தண்ணீரை மொண்டு ஊற்றும் இந்தியன் கழிப்பறைக்கு, கை கால் கழுவுவதையும் சேர்த்து ஓர் ஆளுக்கு ஐந்து லிட்டர் என்று வையுங்கள். ஞாயிறன்று 300 பேர் என்றால் 1,500 லிட்டர், தரை கழுவ இன்னொரு 200. ஃபிளஷ் டேங்க் வைத்த வெஸ்டர்ன் கழிப்பறை என்றால் இது இரண்டு மடங்குக்கும் மேல் போகும். வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஒன்று அப்படி வைத்தே ஆக வேண்டும், மற்றவை இந்தியனாக இருக்கட்டும்.

இனி வரவு. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஏற்காட்டில் ஆண்டுக்குச் சுமார் 1,500 மில்லிமீட்டர் மழை. 40 சதுர மீட்டர் கூரை இருந்தால் 60,000 லிட்டர், சிந்தியது சிதறியது போக 48,000 தேறும். ஆனால் அது வருகிறபோது தேவை இல்லை, தேவைப்படுகிறபோது வராது. அதனால் பணத்தை டைல்ஸில் போடாமல் தொட்டியில் போடுங்கள். குறைந்தது மூன்று ஞாயிறு தாங்கும் அளவுக்குத் தொட்டி வேண்டும். அதற்கு மேல் கோடை மாதங்களுக்கு லாரித் தண்ணீர் செலவை இப்போதே கணக்கில் எழுதிவிடுங்கள். குழாய் மேலிருந்து தன்னால் இறங்கும்படி, தொட்டி சரிவின் மேல் பக்கம் இருக்கட்டும். மின்மோட்டாரை நம்பினால் மலையில் கரண்ட் போகிற நாளெல்லாம் கதவைச் சாத்த வேண்டிவரும்.

படி 5: கழிப்பறை

கழிவு எங்கே போகிறது என்று கேட்காமல் கட்டிடப் படத்தைப் பார்க்காதீர்கள். ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் நீர்தான் கிளியூர் அருவியாக விழுகிறது. மேலே ஏரிக்கரையில் கசிவது கீழே அருவியில் குளிப்பவர் தலையில் இறங்கும். மலையில் எல்லா இடமும் யாரோ ஒருவருக்கு மேல் பக்கம்தான்.

வீட்டுக்கு நல்லதான இரட்டைக் குழி முறை, நாளைக்கு 300 பேர் வரும் இடத்துக்கு ஒத்து வராது. குழி ஊறி வற்ற நேரமே கிடைக்காது, அடியில் பாறை இருந்தால் கழிவு பக்கவாட்டில் கசிந்து ஓடைக்குப் போகும். பூசி இறுக்கிய செப்டிக் டேங்க்தான் நடைமுறைக்குச் சரி. அதன் மேல்நீரைக் கல்வாழை நட்ட ஜல்லிப் படுகை வழியாக விட்டு வடிகட்டுங்கள். டேங்க் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்கிறவர் கட்டிடப் பொறியாளர் இல்லை, கழிவுநீர் லாரி ஓட்டுநர்! அவருடைய குழாய் எட்டாத இடத்தில் கட்டினால் நிரம்பியதும் யாரையாவது உள்ளே இறக்கத்தான் பார்ப்பார்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். சட்டத்தை விடுங்கள், ஆள் செத்துப்போவார்.

பயோ டாய்லெட் என்று விற்பனைக்காரர்கள் வருவார்கள். ரயிலில் இருக்கிற அதே வகை, கழிவைத் தின்னும் நுண்ணுயிரிகள் உள்ளே இருக்கும். நல்ல தொழில்நுட்பம்தான், இரண்டு விஷயம் தெரிந்து வாங்கினால். ஒன்று, குளிரில் அந்த நுண்ணுயிரிகள் மந்தமாகிவிடும். டிசம்பர் ஏற்காட்டை நினைத்துப் பாருங்கள். இரண்டு, ஆசிட், பிளீச்சிங், ஃபினாயில் ஊற்றினால் அவை செத்துப்போகும், பிறகு அது வெறும் நாற்றத் தொட்டி. சுத்தம் செய்கிறவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்காமல் பயோ டாய்லெட் வைப்பது வீண் செலவு.

மற்றபடி சின்ன விஷயங்கள்தான் கழிப்பறையைக் காப்பாற்றுகின்றன. கதவு உள்ளே திறக்காமல் வெளியே திறக்கட்டும், தாழ்ப்பாள் தடியான இரும்பில் இருக்கட்டும், பை மாட்ட ஆணி ஒன்று வேண்டும், ஜன்னலில் குரங்கு நுழையாத கம்பிவலை, பெண்கள் பக்கம் நாப்கின் போட மூடியுள்ள வாளி, அந்த வாளி தினமும் எங்கே காலியாகிறது என்பதற்கு ஓர் ஏற்பாடு. கூரையில் கண்ணாடி ஓடு இரண்டு போட்டால் பகலில் விளக்கே வேண்டாம்.

கழுவுகிற வேலையை யாருக்குக் கொடுப்பது என்பதில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். "அந்தத் தெருக்காரங்கதான் இதுக்கு வருவாங்க" என்று கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். அங்கேயே நிறுத்துங்கள். வேலை சுழற்சி முறையில் இருக்கட்டும், டிக்கெட் கொடுப்பவரும் கழுவுபவரும் வாரத்துக்கு வாரம் மாறட்டும், இருவருக்கும் ஒரே கூலி. கையுறை, பூட்ஸ், நீளக் கைப்பிடி பிரஷ் மூன்றும் முதல் நாளே கையில் இருக்க வேண்டும்.

படி 6: குப்பை

குப்பைத்தொட்டி அதிகமானால் குப்பை குறையும் என்பது நகரத்துக் கணக்கு. காட்டுக்குள் ஒவ்வொரு தொட்டியும் குரங்குக்கு ஒரு சாப்பாட்டுக் கடை. லேடீஸ் சீட் பக்கம் நாட்டுக்குரங்கு சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்கிற லாவகத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். உள்ளே தொட்டியே வைக்காதீர்கள். நுழைவாயிலில் மட்டும், மேலே கனமான மூடி போட்டு, தரையில் போல்ட் அடித்த இரண்டு தொட்டிகள் போதும்.

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. தடை மட்டும் போதாது, மாற்று வேண்டும். குடிநீர்க் குழாய் இருந்தால்தான் பாட்டில் வாங்காதே என்று சொல்ல முடியும். நுழைவில் பாட்டிலுக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டி முன்பணம் வாங்கி, திரும்பும்போது பாட்டிலைக் காட்டினால் பணத்தைத் திருப்பித் தரும் முறை எளிது, வேலையும் செய்கிறது. நீலகிரியில் 2022 முதல் மதுபாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பினால் தருகிற ஏற்பாடும் இதே கணக்குதான். திருப்பி வாங்க வராமல் விட்டுப்போன பணம் யாருக்கு என்பதை முன்பே பேசிவிடுங்கள், இல்லையென்றால் அந்தச் சில்லறைக்குத்தான் முதல் சண்டை வரும்.

படி 7: பாதை, கைப்பிடி, பலகை

மலைப்பாதையைக் கெடுப்பது நடப்பவர் காலடியைவிட மழைநீர்தான். பாதையில் தண்ணீர் ஓட ஆரம்பித்தால் ஒரே ஐப்பசியில் அது ஓடையாகிவிடும். சில அடிகளுக்கு ஒருமுறை குறுக்காகக் கல் பதித்துத் தண்ணீரைச் சரிவுப் பக்கம் தள்ளிவிடுங்கள். சரிவு செங்குத்தான இடத்தில் அடிக்கடி வைக்க வேண்டும், எங்கே வைப்பது என்று எஸ்டேட்டில் வேலை பார்த்த பெரியவர்களைக் கேளுங்கள். காபித் தோட்டத்தில் மண் அரிக்காமல் கல்கட்டு கட்டத் தெரிந்தவர்கள் இந்த மலையில் இருக்கும்போது கீழேயிருந்து சிமென்ட் ஏற்றுவது எனக்கு விளங்கவே இல்லை. படிக்கட்டு என்றால் உயரம் 15 சென்டிமீட்டர், கால் வைக்க 30 சென்டிமீட்டர். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் என்றால் ஒரு அடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம். எல்லாப் பாதையிலும் அது முடியாது, ஆனால் வாகன நிறுத்தத்திலிருந்து ஒரு காட்சிமுனைக்காவது போகும்படி செய்யலாம்.

உட்காரும் பெஞ்சுக்கும் பலகைச் சட்டத்துக்கும் உண்ணிச்செடிக் குச்சியைப் பயன்படுத்த முடியுமா என்று பாருங்கள். காட்டைப் பிடித்து ஆட்டுகிற அந்தக் களையில் மாதேஸ்வரன் மலைப் பக்கம் சோலிகர் பழங்குடியினர் நாற்காலி, மேசை எல்லாம் செய்கிறார்கள். அங்கிருந்து ஒருவரை வரவழைத்து இங்கே நான்கு பேருக்குப் பழக்கினால் களையும் குறையும், கூலியும் ஊருக்குள் நிற்கும். வனத்துறை அனுமதியோடுதான் வெட்ட வேண்டும்.

பலகையில் தமிழ் முதலில், பெரிதாக. "குப்பை போடாதீர்" என்ற ஆணையை விட "அடுத்த கழிப்பறை 2 கிலோமீட்டர் தள்ளி" என்ற தகவலுக்குத்தான் மக்கள் நிற்கிறார்கள். காட்டுமாடு நின்றால் என்ன செய்வது, மழைக்காலத்தில் அட்டை ஏறினால் என்ன செய்வது என்று எழுதுங்கள். பாதையோரக் கல்லில் 1, 2, 3 என்று எண் அடித்துவிடுங்கள். விழுந்தவர் "ஏழாம் கல்லுக்குப் பக்கத்துல இருக்கோம்" என்று சொன்னால் தேடப் போகிறவருக்கு அரைமணி நேரம் மிச்சம்.

படி 8: பணம்

கட்டுவதற்கான பணம் கிடைத்துவிடும், நம்புங்கள். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி, ஊர் ஒரு பங்கு போட்டால் அரசு மீதியைத் தரும் நமக்கு நாமே திட்டம், கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி (சிஎஸ்ஆர்). 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் உள்ள நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டை இப்படிச் செலவிட வேண்டும். ஆனால் அவர்களிடமிருந்து பணம் வாங்கித் திட்டத்தை நடத்தும் அறக்கட்டளையோ சங்கமோ 2021 ஏப்ரல் முதல் சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சும்மா நான்கு நண்பர்கள் சேர்ந்த குழுவுக்குத் தர மாட்டார்கள்.

நடத்துவதற்கான பணம்தான் கிடைக்காது. அதைப் போட்டுக் காட்டுகிறேன், எண்களை உங்கள் நோட்டைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறு நாளைக்கு 300 பேர், வாரநாளில் 40 பேர், ஆளுக்கு ஐந்து ரூபாய். வாரத்துக்கு 3,000மும் 1,000மும் ஆக 4,000. ஏழு நாளும் இரண்டு பேர், நாள் கூலி 500 என்றால் 7,000. முதல் வாரமே 3,000 பள்ளம். அதனால் கழிப்பறையைத் தனியாகப் பார்க்காமல் வாகன நிறுத்தத்தோடு முடிச்சுப் போடுங்கள். வார இறுதியில் நாளைக்கு 60 வண்டி, வண்டிக்கு 30 ரூபாய் என்றால் 3,600. வாரநாளில் கழுவ ஒருவர், வார இறுதியில் இருவர், வண்டி பார்க்க ஒருவர் என்றால் கூலி 2,500, 2,000, 1,000, ஆக 5,500. வரவு 7,600. மீதி 2,100இல் சோப்பு, லாரித் தண்ணீர், டேங்க் காலி செய்வது, உடைந்த குழாய் எல்லாம் அடங்க வேண்டும். இறுக்கம்தான், ஆனால் நிற்கும். மழைக்கால வாரங்களில் நிற்காது, அதற்குக் கோடை வருமானத்தில் ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள்.

வனநிலத்திலோ ஊராட்சி நிலத்திலோ கட்டணம் வாங்க எழுத்தில் அனுமதி வேண்டும், எண் போட்ட ரசீது வேண்டும். ரசீது இல்லாமல் சாலையில் வண்டியை நிறுத்தி வாங்கினால் அதற்குப் பெயர் வேறு.

படி 9: இரண்டு பக்க ஒப்பந்தம்

தமிழில், எல்லோருக்கும் புரிகிற மாதிரி, ஓராண்டுக்கு மட்டும் எழுதுங்கள். எத்தனை மணிக்குத் திறப்பு, எப்போது பூட்டு, யார் கூலி கொடுப்பது, எந்தத் தேதிக்குள், ரிப்பேர் என்றால் எந்தத் தொகை வரை குழுவே செலவிடலாம், அதற்கு மேல் யாரைக் கேட்பது, கடை போட யாருக்கு முதல் உரிமை, ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு மேல் உள்ளே விடுவதில்லை. வங்கிக் கணக்கில் இருவர் கையெழுத்து, அதில் ஒருவர் மகளிர் குழுவிலிருந்து. கட்டிடத்தின் சாவி இரண்டு, இரண்டும் நடந்து போய் வாங்கிவரும் தூரத்தில் இருக்க வேண்டும், ஒன்றுகூட சேலத்தில் இருக்கக் கூடாது.

கடைக்காரர்களுக்கும் அதில் இடம் கொடுங்கள். மலைவாழை, கமலா ஆரஞ்சு, மிளகு, காபித்தூள், சாமைச் சோறு என்று மலைச்சரக்கு விற்பவருக்கு வாசலில் நல்ல இடம், பதிலுக்கு அவர் கடையைச் சுற்றிப் பத்தடி சுத்தம் அவர் பொறுப்பு. சமைத்து விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய உதவி பண்ணுங்கள், ஒரு மத்தியான வேலைதான்.

படி 10: திறந்த பிறகு

திறப்பு விழாவை மூன்று மாதம் தள்ளி வையுங்கள். முதலில் சத்தமில்லாமல் திறந்து நடத்திப் பாருங்கள். எந்தக் குழாய் சொட்டுகிறது, எந்தக் கதவு மழையில் ஊதி இறுகுகிறது, எந்த ஞாயிறு யார் வரவில்லை என்பதெல்லாம் அந்த மூன்று மாதத்தில் தெரிந்துவிடும். உதிரியாக நான்கு குழாய், ஆறு தாழ்ப்பாள், ஒரு மிதவை வால்வு எப்போதும் அலமாரியில் இருக்கட்டும். இதெல்லாம் வாங்கச் சேலம் போய்வருகிற ஒருநாள்தான் பல இடங்களில் ஒரு மாதமாக நீளுகிறது.

மாதக் கணக்கைச் சாக்பீஸில் எழுதும் கரும்பலகை ஒன்றை வாசலில், ஊர்க்காரர்கள் நடக்கிற பக்கமாக மாட்டுங்கள். வரவு, கூலி, சாமான், கையிருப்பு, நான்கு வரி போதும். நாங்கள் உதவிய ஓர் இடத்தில் முதல் இரண்டு மாதம் அதை யாரும் நின்றுகூடப் பார்க்கவில்லை. மூன்றாம் மாதம் ஒரு பாட்டி, எழுதப் படிக்கத் தெரியாதவர், பேத்தியை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு நேராகக் குழுவின் பொருளாளரிடம் போனார். "ஏன் கண்ணு, ஒரே மாசத்துல விளக்குமாறு ரெண்டு தடவ வாங்கிருக்கீங்க?"

பொருளாளர் அன்று மாலையே வவுச்சரைத் தேடிக்கொண்டிருந்தார்.